ஒரு நாளைக்கு அரை லிட்டர்

என் வீட்டுக்காரரிடம் கடைசி மூன்று வருடங்களில் நான் அதிகம் சொன்ன வார்த்தை "போதும்." அதற்கு முந்தைய இருபத்தெட்டு வருடங்களில் நல்ல வார்த்தையும் சொல்லியிருக்கிறேன், கெட்ட வார்த்தையும் சொல்லியிருக்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கிள்ளானில் எங்கள் ஃப்ளாட்டுக்கு வந்து பஞ்சவர்ணம் வீடு எது என்று கேட்டால் யோசிப்பார்கள். நாலாவது மாடியில் சத்தம் போடுகிற அக்கா என்று கேட்டால் வாசல்வரை கொண்டுவந்து விடுவார்கள்.

அவர் எனக்கு நேர்மாறு. பெயர் தம்புசாமி. போர்ட் கிள்ளானில் கொண்டெய்னர் லோரி ஓட்டினார். நான் பத்து வார்த்தை பேசினால் அவர் ஒன்று பேசுவார், அதுவும் பெரும்பாலும் "சரி லா" என்பதாகத்தான் இருக்கும். இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, வந்த பிறகும் தே தாரிக் என்கிற நுரைப் பால் டீயை விடவில்லை. லோரியை ஓரங்கட்டினால் முதலில் ரோட்டோர ஒட்டுக்கடைதான், மாத்திரையெல்லாம் அப்புறம்தான். ஐம்பத்தாறு வயதில் இரண்டு கிட்னியும் போய்விட்டன.

கிட்னி போனால் என்ன ஆகும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. சிறுநீர் போகாது. குடித்த தண்ணீர் குடித்த இடத்திலேயே நிற்கும், காலில் இறங்கும், முகத்தில் ஏறும், கடைசியில் நெஞ்சுக்குள் போய் மூச்சை அடைக்கும். சாப்பாட்டில் இருக்கும் கசடும் வெளியே போக வழியில்லாமல் ரத்தத்திலேயே சுற்றும். அதற்காகத் திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் காலை ஆறரைக்கு டயாலிசிஸ் செண்டருக்குப் போய் நான்கு மணி நேரம் மெஷினோடு படுத்திருக்க வேண்டும். கையில் இரண்டு ஊசி. ஒன்றில் ரத்தம் வெளியே போகும், மெஷின் கழுவும், மற்றதில் உள்ளே வரும். அவருடைய சொந்த எடை அறுபத்திரண்டு கிலோ. அதற்குமேல் தராசு காட்டுவதெல்லாம் தண்ணீர், அதை மெஷின் உறிஞ்சி எடுத்துவிடும். அதிகமாக எடுத்தால் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு மனுஷன் துடிப்பார்.

ஊசி போடுவதற்காக இடது கையில் இரண்டு ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். அந்த இடத்தில் விரலை வைத்தால் உர்ரென்று ஓடுவது தெரியும், மடியில் படுத்த பூனை உறுமுகிற மாதிரி. தினமும் காலையில் தொட்டுப் பாருங்கள், ஓட்டம் நின்றால் உடனே கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று செண்டர் மிசி சொல்லியிருந்தார். நர்ஸ்களை நாங்கள் மிசி என்றுதான் கூப்பிடுவோம். காலையில் எழுந்ததும் சாமி படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அவர் கையைத்தான் தொடுவேன்.

ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர். அவ்வளவுதான் கணக்கு. மாத்திரை விழுங்கும் தண்ணீர், காப்பி, குழம்பு, ரசம் எல்லாம் அதில் அடங்கும். காலையில் ஒரு சின்ன போத்தலில் நிரப்பி மேசைமேல் வைத்துவிடுவேன். கிள்ளான் வெயிலுக்கு அரை லிட்டர் எந்த மூலைக்கு? மத்தியானத்துக்குள் போத்தல் பாதியாகிவிடும். மிச்சத்தை அவர் மூடியில் ஊற்றி ஊற்றிக் குடிப்பார். நான் சமையலறையில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று தண்ணீர் குடிப்பேன், தொண்டைச் சத்தம்கூடக் கேட்காமல். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று சும்மாவா சொன்னார்கள். அவர் தாகத்தை நான் வாங்கிக் குடிக்க முடியவில்லை.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன் என்று சொன்னால் அது மிகையில்லை. வாழைப்பழம் கிடையாது, இளநீர் கிடையாது, டுரியான் கிடையாது. உருளைக்கிழங்கை இரண்டு தடவை வேகவைத்து இரண்டு தண்ணீரையும் கொட்டிவிட்டுத்தான் கறி. கீரை கேட்டால் என் முறைப்புதான் கிடைக்கும். செண்டரில் புதிதாக வருகிற பொம்பளைகளிடம் மிசி என்னைக் காட்டி, "பஞ்சவர்ணம் அக்காகிட்ட கேட்டுக்கோங்க, அவங்க வீட்டுக்காரர் ரத்தம் எப்பவும் ஓகேதான்" என்பார். எனக்கு அதில் ஒரு பெருமை இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

செண்டரில் ஒரு வழக்கம் உண்டு. மெஷினில் ஏறிய முதல் ஒரு மணி நேரத்தில் நோயாளிகள் ஆசைப்பட்டதைக் கொஞ்சம் சாப்பிடுவார்கள். உள்ளே போவதை மெஷின் இழுத்துவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. மிசிகளும் கண்டும் காணாத மாதிரி போவார்கள். பக்கத்து நாற்காலி யுகேந்திரன் ஒரு நாள் நாசி லெமாக், ஒரு நாள் பீசாங் கோரேங் என்று கொண்டுவருவான். டுரியான் காலத்தில் இவருக்கும் ஒரு சுளை கொடுத்தான். அன்றைக்கு நான்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மூன்று வருடம் அங்கே போய்வந்ததில் "மெஷின் இழுத்துடும்" என்ற பேச்சு எனக்கும் தொற்றிக்கொண்டது.

எங்களுக்கு ஒரே பெண். விஷ்ணுப்ரியா. ஜொகூர் பாருவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. வாயில் என்னைக் கொண்டு பிறந்தவள், மனசில் அவரை. அப்பாவுக்கு ஒரு கிட்னி கொடுக்கிறேன் என்று யாரிடமும் கேட்காமல் போய் டெஸ்ட் எடுத்தாள். பொருந்தியது. நாலு மாதம் ஊசி, ஸ்கேன், டாக்டர் என்று அலைந்தாள். எல்லாம் முடிந்து கடைசியாக டாக்டர்கள் முன்னால் உட்கார்ந்தபோது இவர், "எனக்கு வேணாம்" என்றார். அதோடு விட்டாரா? வாயே திறக்காத மனுஷன் அன்றைக்குத் திறந்தார். "கிட்னி இல்லாத பொண்ண எவன் கட்டுவான்? எனக்கு அந்தப் பாவம் வேணாம்" என்றார். பிள்ளைக்கு முகம் செத்துவிட்டது. வெளியே வந்து நடைபாதையில் வைத்து, "அப்ப சாவுங்க" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போனாள்.

அதற்குப் பிறகு பதினாலு மாதம் அவள் அவரிடம் பேசவில்லை. எனக்குப் போன் வரும். "சாப்டியா, தூங்கினியா, மருந்து போட்டியா" எல்லாம் எனக்குத்தான். அவரைப் பற்றி ஒரு கேள்வி கிடையாது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பார். போனை வைத்ததும், "நல்லா இருக்காளா" என்பார். ஒரு நாள் கேட்டேன், ஏன் அப்படிப் பேசித் தொலைத்தீர்கள் என்று. "நாளைக்கு அவ புள்ள பெக்கணும், வர்ணம். அவளுக்கு ரெண்டும் வேணும். நேரா சொன்னா கேப்பாளா? கோவம் வந்தாதான போவா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நான் போறதுக்குள்ள ஒரு தடவ அப்பான்னு கூப்பிட்டாப் போதும்" என்றார். அவர் போதும் என்று சொன்னது அந்த ஒன்றுக்குத்தான்.

ஒரு சனிக்கிழமை. வெள்ளியன்று மெஷினில் ஏறினால் அடுத்தது திங்கள்தான். நடுவில் இரண்டு நாள். டயாலிசிஸ் வீடுகளில் சனி ஞாயிறு என்றாலே பயம்தான், தண்ணீர் ஏறிக்கொண்டே போகும். சாயங்காலம் பக்கத்து வீட்டு அமுதவள்ளி ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்தாள்.

"அக்கா, பந்திங்ல எங்கண்ணன் வீட்டு மரத்துல காய்ச்சது. பெலிம்பிங். பிரஷருக்கு நல்லதாம் லா. அண்ணனுக்கு ஜூஸ் அடிச்சுக் குடுங்க."

ஸ்டார் ஃப்ரூட் என்பார்களே, அதுதான். மஞ்சளாகப் பழுத்து, ஐந்து விளிம்பும் பளபளவென்று இருந்தது. இப்படி யாராவது பழம் கொண்டுவந்தால் அவர் முகத்தை டிவி பக்கம் திருப்பிக்கொள்வார். மூன்று வருடமாக அப்படித்தான். அன்றைக்குத் திருப்பவில்லை. ஒன்றும் கேட்கவும் இல்லை. பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு என்னமோ ஆகிவிட்டது. இந்த மனுஷனுக்கு நான் பெண்டாட்டியா, போலீஸா என்று என்மேலேயே கோபம் வந்தது. வாழைப்பழம் இல்லை, இளநீர் இல்லை, டுரியான் இல்லை. இது வெறும் தண்ணிப் பழம். மிஞ்சிப் போனால் திங்கட்கிழமை மெஷின் இழுத்துவிடும். மூன்று பழத்தை அடித்து வடிகட்டினேன். அரைக் கிளாஸ் வந்தது. அவர் கண் முன்னாலேயே போத்தலில் இருந்து அரைக் கிளாஸ் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினேன். கணக்கில் நான் கெட்டி.

கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். ஒவ்வொரு வாயையும் வாய்க்குள்ளேயே வைத்திருந்து விழுங்கினார். பிறகு, "வர்ணம், ஒரு துண்டு வெட்டிக் குடேன்" என்றார். குறுக்கே வெட்டினால் அது நட்சத்திரம் மாதிரி விழும். ஒன்று கொடுத்தேன். தின்றார். இன்னொன்றுக்குக் கை நீட்டினார். அதையும் கொடுத்தேன். அன்றைக்கு நான் போதும் என்று சொல்லவில்லை.

ஞாயிறு விடியும்போது விக்கல் ஆரம்பித்தது. கையைத் தொட்டுப் பார்த்தேன், நன்றாக ஓடியது. பசியாற இட்லி வைத்தேன், விக்கல் நிற்கவில்லை.

"யாரோ நெனைக்கிறாங்க" என்றார்.

"உங்கள யாரு நெனைக்கப் போறா? லோரி கம்பெனிக்காரன் ஸ்பேர் டயர் காணோம்னு நெனைப்பான்" என்றேன்.

சிரித்தார். விக்கல் வந்தால் ஒவ்வொருவர் பெயராகச் சொல்லிப் பார்ப்பது நம் வீடுகளில் வழக்கம்தானே. யார் பெயரைச் சொல்லும்போது நிற்கிறதோ அவர்தான் நினைக்கிறார். செலாயாங்கில் இருக்கும் அண்ணன் பெயரைச் சொன்னார், நிற்கவில்லை. கூட லோரி ஓட்டிய வேலாயுதத்தின் பெயரைச் சொன்னார், நிற்கவில்லை. யுகேந்திரனையும் விடவில்லை. அப்புறம் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு மெதுவாக, "பிரியா" என்றார்.

நின்றது. நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், ஒரு நிமிஷத்துக்கு மேல் நின்றது. அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். பதினாலு மாதத்தில் அப்படி ஒரு முகம் பார்க்கவில்லை.

"மூச்ச அடக்கிட்டு ஏமாத்துறீங்க" என்றேன். சொல்லி முடிக்கவில்லை, மறுபடி விக்கல்.

"பாத்தியா, இன்னும் நெனைக்கிறா" என்றார்.

விக்கலுக்குத் தண்ணீர்தான் மருந்து, இவருக்குத் தண்ணீர்தான் விஷம். இரண்டு கரண்டி கொடுக்கப் போனேன். வேண்டாம் என்று கையை நீட்டித் தடுத்தார். "இருக்கட்டும், நிறுத்தாத" என்றார். தண்ணீர் வேண்டாம் என்று அவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். பதினோரு மணிவரை விட்டு விட்டு வந்துகொண்டே இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று கேட்டேன். "பெத்த புள்ள நெனைக்குதுன்னு ஆஸ்பத்திரிக்குப் போறவன் நானாதான் இருப்பேன்" என்றார். நானும் சிரித்தேன். 

சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மகளுக்குப் போன் அடித்தேன்.

"உங்கப்பாவுக்குக் காலையிலேர்ந்து விக்கல். நீதான் நெனைக்கிறேன்னு சட்டையெல்லாம் மாத்திக்கிட்டு உக்காந்திருக்காரு. உண்மையச் சொல்லு, நெனைச்சியா?"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. வைத்துவிட்டாளோ என்று நினைத்தேன்.

"ஆமா மா" என்றாள். "நெனைச்சிக்கிட்டுதான் இருந்தேன்."

போனைக் கொண்டுபோய் அவர் காதில் வைத்தேன். "அப்பா" என்று அவள் கூப்பிட்டது எனக்கே கேட்டது.  அவருக்கு முதலில் விக்கல்தான் வந்தது. "சாப்டியா" என்றார். அவள் என்னவோ சொன்னாள். "அன்னைக்கு அப்பா அப்படிப் பேசியிருக்கக் கூடாது லா" என்றார். அவள் அழுகிற சத்தம் வந்தது. நானும் உங்களை அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று சொல்லியிருப்பாள் போலிருக்கிறது. இவர், "நீ என்ன சொன்ன? ஒண்ணும் சொல்லலையே. எனக்கு ஞாபகமே இல்ல" என்றார். அடுத்த வாரம் லீவு போட்டு வருவதாகச் சொன்னாளாம். போனை என்னிடம் கொடுத்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான், சட்டையில் பொத்தானை மாற்றிப் போட்டிருக்கிறீர்கள் என்று திட்டினேன்.

நினைத்தவரோடு பேசிவிட்டால் விக்கல் நின்றுவிடும். சின்ன வயதிலிருந்து அப்படித்தான் கேள்விப்பட்டிருக்கிறேன். நிற்கவில்லை. முன்னைவிட வேகமாக வந்தது. நான் அவர் எதிரில் உட்கார்ந்து ஐந்து நிமிஷம் பார்த்தேன். முதல் தடவையாகப் பயம் வந்தது. பிறகு வாந்தி எடுத்தார். துடைக்கத் துண்டைக் கொடுத்தேன், இடது கையால் பிடிக்க முடியாமல் கீழே விட்டார். என் முகத்தைப் பார்த்து, "லோரி சாவி எங்க வச்ச?" என்று கேட்டார். லோரியை விட்டு மூன்று வருடம் ஆகிவிட்டது.

கிராப் டாக்சி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். சின்ன வயதுச் சீன டாக்டர் பெண் ஒருத்தி மலாயில் கேட்டாள், நேற்றும் இன்றும் என்ன சாப்பிட்டார் என்று. சோறு, மீன் கறி, இட்லி என்றேன். வேறு ஏதாவது என்று கேட்டாள். வேறு ஒன்றும் இல்லை என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? எத்தனை முறை கேட்டாலும் ஒரே பதில்தான். வெட்கம். ஊருக்கெல்லாம் புத்தி சொன்ன பஞ்சவர்ணம் அக்கா புருஷனுக்குப் பழம் கொடுத்தாள் என்று செண்டரில் தெரிந்துவிடுமே என்ற வெட்கம். அரைக் கிளாஸ் ஜூஸில் என்ன வந்துவிடப்போகிறது என்றும் நினைத்தேன். அவர்கள் ரத்தம் எடுத்தார்கள், தலையைப் படம் பிடிக்க அனுப்பினார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் போனது. அதற்குப் பிறகு டயாலிசிஸ் வார்டிலிருந்து ஒரு மலாய்க்கார மிசி வந்தார். இவர் கையையும் பார்த்து விக்கலையும் கேட்டவர், நேராக என்னிடம் வந்தார்.

"மக்சிக், பக்சிக் அடா மக்கான் பெலிம்பிங்?"

பெரியவர் பெலிம்பிங் சாப்பிட்டாரா என்று கேட்டார், நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அந்த மிசி வயசானவர், ஆனாலும் ஓடினார். அரை மணி நேரத்தில் மெஷின் வந்தது. அதற்குள் இவருக்குக் கை கால் வெட்டி இழுப்பு வந்துவிட்டது.

டாக்டர் பிறகு விளக்கினாள். பெலிம்பிங்கில் ஒரு நஞ்சு இருக்கிறது. கிட்னி நன்றாக இருப்பவர்களுக்கு அது ஒன்றும் செய்யாது, கிட்னி வெளியே தள்ளிவிடும். டயாலிசிஸ்காரர்களுக்குத் தள்ள வழியில்லை. அது மூளைக்கு ஏறிவிடும். சிலருக்கு ஒரு பழமே அதிகம். முதல் அறிகுறி விக்கல். உடனே மெஷினில் போட்டால் பிழைப்பவர்கள் உண்டு. உடனே என்பதை அவள் அழுத்திச் சொல்லவில்லை. எனக்குத்தான் அழுத்திக் கேட்டது.

பிரியா அன்று சாயங்காலமே பஸ் பிடித்து வந்து சேர்ந்தாள். அவருக்கு நினைவில்லை. "அப்பா, அப்பா" என்று காதருகில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். செவ்வாய்க்கிழமை காலையில் அவர் போய்விட்டார். நான் பழக்கத்தில் அவர் இடது கையில் விரலை வைத்தேன். ஓட்டம் இல்லை. மூன்று வருடமாக அந்த உறுமலைத் தேடித்தான் நான் கண் விழித்தேன். அதற்குப் பிறகுதான் வாய்விட்டு அழுதேன்.

சாவு வீட்டில் பிரியா எல்லோரிடமும் ஒன்றையே சொன்னாள். "கடைசியா எங்கிட்ட பேசிட்டாரு. நான் நெனைச்சது அவருக்குத் தெரிஞ்சிருக்கு." சொந்தக்காரர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மகள் நினைத்தது அப்பனுக்கு விக்கலாக வந்திருக்கிறது பார், ரத்தபாசம் என்றால் இதுதான் என்றார்கள். நான் மூலையில் உட்கார்ந்திருந்தேன். அது அவள் நினைப்பால் வந்த விக்கல் இல்லை, நான் கொடுத்த பழத்தால் வந்தது. சொன்னால் அவளுக்கு இருக்கும் ஒரே ஆறுதலும் போய்விடும். சொல்லாவிட்டால் நான் தப்பித்துக்கொள்கிறேன். அவளுக்காக மறைக்கிறேனா, எனக்காக மறைக்கிறேனா என்று எனக்கே பிடிபடவில்லை.

ஒரு நாள் குளிர்பெட்டியைத் துடைக்கும்போது அதன் கதவில் தொங்கிய கோவில் காலண்டரைக் கழற்றினேன். அடியில் செண்டரில் முதல் வாரம் கொடுத்த தாள். சாப்பிடக்கூடாதவை. படம் போட்டிருந்தார்கள். வாழைப்பழம், இளநீர், டுரியான் எல்லாம் ஒரே வரிசையில். கீழே, தனியாகக் கட்டம் கட்டி, பெலிம்பிங் படத்தின்மேல் சிவப்பில் பெருக்கல் குறி. அந்த முதல் வாரம் மிசி சொல்லிக்கொடுத்தபோது நான் அழுதுகொண்டே இருந்தேன், பாதிகூடக் காதில் ஏறவில்லை. பிறகு எல்லாம் மனப்பாடம் என்று நினைத்து, வருடாவருடம் வரும் காலண்டரை அதன்மேலேயே மாட்டிவந்தேன். மூன்று வருடம் அவர் உயிர் அந்தக் காலண்டருக்குப் பின்னால் இருந்திருக்கிறது.

பதினாறாம் நாள் காரியம். படையலுக்கு அவருக்குப் பிடித்ததெல்லாம் வைக்க வேண்டும். பிரியா விடியற்காலையிலேயே பாசாருக்குப் போய், மூன்று வருடமாக அவருக்கு என்னென்ன கூடாதோ அத்தனையும் வாங்கி வந்தாள். ஒரு சீப்பு வாழைப்பழம், இளநீர், டுரியான், வேர்க்கடலை, உருளைக்கிழங்கு. வறட்டுப் பிடிவாதம், அப்படியே என் பிள்ளை. தே தாரிக்கும் வாங்கி வந்திருந்தாள், முழுச் சர்க்கரையோடு.

நான் இலையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் வாசலுக்குப் போய்விட்டு ஒரு பையோடு வந்து நின்றாள்.

"அமுதவள்ளி ஆன்டி குடுத்துட்டுக் கோயிலுக்குப் போறாங்க. அப்பா கடைசியா ஆசையாச் சாப்டதாம். இத என்ன மா பண்றது?"

மஞ்சள் பழங்கள். ஐந்து விளிம்பு. பையின் பிளாஸ்டிக் அவள் கையில் சரசரத்தது.

"கீழ போடு" என்றேன். "அத எலைல வைக்காத. அத நான்தான் குடுத்தேன். அதுதான் உங்கப்பாவக் கொன்னுச்சு. விக்கல் உன்னால வரல பிரியா. டாக்டர் கேட்டப்ப ஒரு மணி நேரம் வாயத் தொறக்காம நின்னேன். நான்தான்."

அவள் பையை மேசைமேல் வைத்தாள். என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"தெரியும் மா. அன்னைக்கு ராத்திரியே டாக்டர் சொல்லிட்டாங்க."

"அப்ப ஏன்டி எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல?"

"கேட்டா நீ தாங்குவியா?" என்றாள். இலையின் நரம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். "நானும் ஒண்ணு சொல்லணும். நான் அன்னைக்கு அப்பாவ நெனைக்கவே இல்ல மா. துணி காயப் போட்டுக்கிட்டு இருந்தேன். நீ அப்படிக் கேட்டதும் இல்லன்னு சொல்ல வாய் வரல."

நான் அவளைப் பார்த்தேன். பதினாறு நாளாக அவள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது எனக்காகத்தான் என்று அப்போதுதான் புரிந்தது. நான் அவள் ஆறுதலைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். கட்டிப்பிடித்து அழுதேன். அந்த விக்கல் வராவிட்டால் நான் போன் அடித்திருக்க மாட்டேன், அவர் காதில் அப்பா என்ற சத்தம் விழுந்திருக்காது என்று அவள் சொன்னாள். எனக்கு அது ஆறுதலாக இல்லை. ஆனால் பொய்யும் இல்லை.

அமுதவள்ளிக்கு இது தெரியவே கூடாது என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டோம். பையைக் கட்டிக் குப்பைக்கு அனுப்பினோம். பிறகு இலை போட்டோம். அவருடைய அரை லிட்டர் போத்தல் இன்னும் மேசையில்தான் இருந்தது. பிரியா அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, அலமாரியிலிருந்து பெரிய பித்தளைச் சொம்பை எடுத்துக் கழுவிப் படத்துக்கு முன்னால் வைத்தாள். குளிர்ந்த தண்ணீரை ஊற்ற ஆரம்பித்தாள். பாதி நிறைந்தது.

"போதும்" என்றேன்.

அவள் கையை நிறுத்தி என்னைப் பார்த்தாள். எனக்கே அப்போதுதான் கேட்டது.

"ஊத்து" என்றேன். "நெறைய ஊத்து, வழியட்டும்."